திக்லிபூரின் கைவினைஞர்களுக்கு: கடையும் வகுப்பும்

வடக்கு அந்தமானின் திக்லிபூர் வட்டாரத்தில் சிரட்டை, மூங்கில், பிரம்பு, மரம் கொண்டு பொருள் செய்து விற்றபடியே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓவியமும் கைவேலையும் சொல்லித்தரும் கைவினைஞர்களுக்கும், அந்த வேலையில் இறங்க எண்ணியிருக்கும் மகளிர் குழுக்களுக்கும் சில குறிப்புகள்.



கைவினைக் கடையும் பிள்ளைகளுக்கான ஓவிய வகுப்பும் ஒரே திண்ணையில் நடக்கலாம். ஒரே கணக்கில் நடக்கக் கூடாது. கடைக்கு வேண்டியது ஒரே அளவில், ஒரே மெருகில் ஐம்பது கிண்ணங்கள். வகுப்புக்கு வேண்டியது இருபது பிள்ளைகள் பார்த்த இருபது விதமான கடல். கடை வேலையில் கை பழகிய தடத்திலேயே ஓட வேண்டும். வகுப்பில் தடம் மாறினால்தான் பலன். இரண்டையும் ஒருவரே நடத்தும்போது, சுற்றுலாப் பருவம் தொடங்கி ஆர்டர் குவிகிற நேரத்தில், உப்புத்தாள் தேய்க்கப் பிள்ளைகளின் கை நினைவுக்கு வரும். வகுப்பு கெடுவது அந்த இடத்தில்தான்.

இந்தச் சிக்கல் பழையது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி தம் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். நூற்பு போன்ற ஒரு கைத்தொழிலைச் சுற்றியே பாடங்கள் அமைய வேண்டும், பிள்ளைகள் செய்த பொருளின் விற்பனையில் ஆசிரியர் சம்பளமாவது தேற வேண்டும் என்பது அவர் எண்ணம். பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு கைத்தொழிலை முழு மனத்தோடு ஏற்றது. ஆனால் வருமானத்தின் மேல் கண் போய்விட்டால் கல்வி பின்னுக்குத் தள்ளப்படும் என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. அந்தக் குழு அஞ்சியது பெரிய பள்ளிகளுக்கு மட்டும் பொருந்துவதன்று. ஒரு திண்ணையில் பத்துப் பிள்ளைகளை வைத்து நடத்தும் வகுப்புக்கும் அப்படியே பொருந்தும்.

சென்னை மாநிலத்தில் 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி நடந்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. தச்சர் பிள்ளை உளியும் குயவர் பிள்ளை சக்கரமும் பிடிக்கட்டும் என்பது கல்வி ஆகாது என்று தமிழ்நாடு அன்று தீர்மானித்தது. கைவினை வகுப்பு நடத்துபவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். வகுப்பின் பெருமையே மீனவர் வீட்டுப் பிள்ளை மூங்கில் முடையவும், அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளை மண் பிசையவும் அங்கே இடம் இருப்பதுதான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. தன் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு, ஆபத்தில்லாத வேலையில் உதவுவதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு சொந்தப் பிள்ளைக்கு. வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அன்று.

கைவினை கலையைத் தாங்கிய நல்ல முன்மாதிரியும் சென்னையிலேயே இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த காலத்தில், அங்கே படித்து வெளியேறியவர்கள் ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க வழியில்லை. ஓவியர்கள் கூடிக் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் துணி முதலியவற்றைச் செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பகலில் ஒரு பொழுது பிழைப்புக்கான கைவேலை, மறுபொழுது தம் ஓவியம் என்று பலரும் வாழ்ந்தார்கள். அங்கே பணம் கைவினையிலிருந்து கலைக்குப் போனது. கலை கைவினைக்குக் கூலி வேலை பார்க்கவில்லை. திக்லிபூரில் வகுப்பு நடத்துபவர்கள் பின்பற்ற வேண்டியது இந்தப் போக்கைத்தான்.

இனிப் பொருள்கள். அந்தமான் கைவினை என்றதும் எல்லோருக்கும் சிப்பிதான் நினைவுக்கு வரும். முதலில் ஒதுக்க வேண்டியதும் அதுவே. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001ஆம் ஆண்டு ஜூலையில் கடலுயிர்கள் பல சேர்க்கப்பட்டன. ராட்சதச் சிப்பிகள், நாட்டிலஸ், ட்ரைட்டன் சங்கு, கொம்புள்ள ஹெல்மெட் சங்கு, ஒரு காலத்தில் பித்தான் தொழிலுக்காக இந்தத் தீவுகளில் மூட்டை மூட்டையாக அள்ளப்பட்ட ட்ரோக்கஸ், பச்சை டர்போ எல்லாம் அதில் அடங்கும். பவளம் அத்தனையும் அடங்கும். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் கரை மேலெழும்பி, பவளத்திட்டுகள் வெளியே தெரிந்து செத்துப்போயின. அப்படிச் செத்துக் கிடக்கிற பவளத் துண்டுக்கும் சட்டத்தில் விலக்கு இல்லை. எந்தச் சிப்பி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று விற்கிறவருக்கே உறுதியாகத் தெரியாதபோது, விமான நிலையச் சோதனையில் வாங்கியவர் சிக்கிக்கொள்வார். சிப்பி வேலையை விட்டுவிடுவதே நேர்மையான வழி. பிள்ளைகளின் வகுப்பில் சிப்பியைப் பார்த்து வரையலாம். வரைந்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரப் பழக்குவது ஓவியத்தோடு சேர்ந்த பாடம்.

சிப்பியை விட்டவர்களுக்குச் சிரட்டை இருக்கிறது. தென்னை எங்கும் நிற்பதால் முதல் போட வேண்டியதில்லை. நன்றாக முற்றிய தேங்காயின் சிரட்டைதான் கெட்டியாகவும் கருப்பாகவும் வரும். இளசானது காயும்போது வெடிக்கும். மேல் நாரைக் கத்தியாலோ உடைந்த கண்ணாடித் துண்டாலோ சுரண்டி, ஆக்சா பிளேடால் அறுத்து, விளிம்பை அரத்தால் சமப்படுத்தி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக 400ஆம் எண் வரை தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசினால், வார்னிஷ் இல்லாமலே பளபளக்கும். உணவு வைக்கிற கிண்ணத்துக்கு வார்னிஷ் பூசவே கூடாது. சிரட்டைத் தூள் மிக மெல்லியது, நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் மூக்கை மூடிக்கொள்வதும் கட்டாயம். பிள்ளைகள் உட்காரும் நேரத்தில் அந்த இடத்தில் உலர்ந்த சிரட்டையைத் தேய்க்கவே கூடாது.

மூங்கிலுக்கு எதிரி ஈரமும் வண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிற, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்குகிற தீவு இது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு வருகிறது. ஆகவே மழைக்காலம் முடிந்து மாவுச்சத்து குறைந்த பருவத்தில், மூன்று வயதுக்கு மேல் முற்றிய கழியை வெட்ட வேண்டும். வெட்டியதைச் சில வாரம் நீரில் ஊறப்போடுவது பழைய முறை. ஒரு பங்கு போரிக் அமிலமும் ஒன்றரைப் பங்கு வெண்காரமும் கரைத்த நீரில் ஊறவைப்பது இன்று பரவலாகக் கையாளும் முறை. இன்னொன்றும் உண்டு: திக்லிபூர் ஈரத்தில் இறுக்கமாக முடைந்த கூடை, சென்னையில் ஏசி போட்ட கடைக்குப் போனதும் காய்ந்து தளர்ந்துவிடும். கீற்றை நன்றாகக் காயவைத்தபின் முடைந்தால் அந்தப் புகார் வராது. சொந்த நிலத்து மூங்கிலை வெட்ட 2017இல் வந்த இந்திய வனச்சட்டத் திருத்தம் வழிவிடுகிறது. காட்டுப் பிரம்புக்கும் படாக் மரத்துக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்; மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 2002இல் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டதால், படாக்கில் வேலை செய்பவர் ரசீது உள்ள மரத்தை மட்டுமே தொட வேண்டும்.

பொருளின் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தமான் பழங்குடியினரைக் கருப்பு நிற நிர்வாணப் பொம்மைகளாகச் செய்து சுற்றுலாப் பயணிக்கு விற்கிற பழக்கம் தீவுகளில் இருக்கிறது. வடக்கு அந்தமான் முழுவதும் பெரிய அந்தமானியக் குழுக்கள் வாழ்ந்த மண். அக்கா-போ மொழி பேசிய கடைசிப் பெண்மணி 2010இல்தான் காலமானார். அந்த மண்ணிலேயே அவர்களைக் கேலிப் பொருளாக்கி விற்பது தகாது. அந்தப் பொம்மையைக் கடையில் பார்த்து வளரும் பிள்ளை, வகுப்பில் மனிதரை மதித்து வரையக் கற்றுக்கொள்ளாது.

விலை போடுவதில்தான் பெரும்பாலான சிறு தொழில்கள் சரிகின்றன. எடுத்துக்காட்டாக ஒரு சிரட்டைக் கிண்ணத்தைப் பார்க்கலாம். உப்புத்தாள், பிளேடு, எண்ணெய் தேய்மானம் 15 ரூபாய். வேலை ஒன்றரை மணி நேரம். மணிக்கு 70 ரூபாய் என்று வைத்தால் 105. ஆக 120. பத்தில் ஒன்று வேலை முடியும் நேரத்தில் விரிசல் விடும் என்றால், அந்தச் செலவு மிச்சம் ஒன்பதின் மேல் ஏறும். 120 என்பது 133 ஆகும். பெட்டி, காகிதம், நூல் 20 ரூபாய் சேர்ந்தால் 153. கடைக்காரர் விற்பனை விலையில் 30 விழுக்காடு எடுத்துக்கொள்வார் என்றால், 219 ரூபாய்க்கு விற்றால்தான் 153 கைக்கு வரும். இதில் லாபம் என்று ஒரு காசும் இல்லை, கூலி மட்டுமே. சிரட்டை சும்மா கிடைக்கிறது என்பதற்காக அந்தக் கிண்ணத்தை 100 ரூபாய்க்குக் கொடுப்பவர், தன் உழைப்பில் ஒரு பெரும்பங்கைச் சும்மா கொடுக்கிறார். அந்தத் துண்டை ஈடுகட்டத்தான் பிறகு பிள்ளைகளின் கை தேவைப்படுகிறது. விலை சரியாக இருந்தால் வகுப்பும் தப்பும்.

வாங்குகிறவர் யார் என்பதும் கணக்கில் வர வேண்டும். ராஸ், ஸ்மித் தீவுகளுக்கும் சேடில் பீக் மலைக்கும் வருகிறவர்களில் பலர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்தமான் பெருஞ்சாலையில் பேருந்தில் வந்தவர்கள். முதுகுப் பையோடு அதே வழியில் திரும்புகிறவர்கள். எடை குறைந்த, உடையாத, உள்ளங்கையில் அடங்கும் பொருளையே அவர்கள் வாங்குவார்கள். ஏரியல் பே படகுத்துறையில் நிற்கும் சில நிமிடங்களில் முடிகிற விற்பனை அது. பெரிய கூடைகளுக்கும் விளக்குகளுக்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரின் சாகரிகா அரசு விற்பனையகமும் அங்குள்ள விடுதிகளுமே இடம். ஜிஎஸ்டி பதிவைப் பொறுத்தவரை, ஒன்றியப் பிரதேசத்துக்குள்ளேயே சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தேவையில்லை. 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதவரும் இணைய விற்பனைத் தளங்களில் விற்கலாம். ஆனால் தன் மாநிலத்துக்குள் மட்டும். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் அனுப்ப எண்ணுபவர் கைவினைப் பொருள்களுக்கு உள்ள தனி விலக்கைப் பற்றிக் கணக்காளர் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் பெஹ்சான் அடையாள அட்டை அதைவிட முக்கியம்; பொம்மை செய்பவருக்கு இது உயிர்நாடி. 2021 ஜனவரி முதல் பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு பிஐஎஸ் முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞருக்கு விலக்கு உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர், கூடை-பாய் முடைபவர், பொம்மை செய்பவர் உள்பட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாயும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சமும் பின்னர் இரண்டு லட்சமும் கடனாகக் கிடைக்கும். சிரட்டை வேலை அந்தப் பதினெட்டில் தனியாக இல்லை.

வகுப்புக்கு வரலாம். பிள்ளைகள் எப்படி வரைகிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ளாமல் சொல்லித்தர முடியாது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூல் இதில் இன்றும் வழிகாட்டி. இரண்டு வயதில் கிறுக்கல். மூன்று, நான்கு வயதில் வட்டத் தலையிலிருந்து நேராகக் கால் முளைக்கும் மனிதன். ஏழு வயதையொட்டித் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு தோன்றும். வீடும் மரமும் ஆளும் அதன்மேல் வரிசையாக நிற்கும். வீட்டுச் சுவர் இருக்கும்போதே உள்ளே சமைக்கிற அம்மாவும் தெரிவாள். அது பிழையன்று, பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. ஒன்பது, பத்து வயதில் பார்ப்பதுபோலவே வர வேண்டும் என்ற ஆசை வருகிறது. வராதபோது எனக்கு வரையத் தெரியாது என்று சொல்லிப் பிள்ளை பென்சிலைக் கீழே வைப்பது அந்த வயதில்தான். ஆசிரியர் மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான்.

அந்தமான் ஆனாலும் ஆற்காடு ஆனாலும் பிள்ளைகள் வரைகிற காட்சி ஒன்றே: இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வழிந்து வரும் ஆறு, ஓர் ஓட்டு வீடு, நான்கைந்து பறவை. திக்லிபூர் வட்டாரத்துக் காளிப்பூர்க் கடற்கரையில் நின்றால் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. தெற்கே 732 மீட்டர் உயரச் சேடில் பீக் காடு மூடிய ஒரே கரும்பச்சைத் திரளாகத் தெரிகிறது, பல நாள் உச்சி மேகத்துக்குள் இருக்கிறது. இதைத் தினம் பார்க்கும் பிள்ளை இரண்டு முக்கோணம் வரைகிறது என்றால், அது யாரோ கரும்பலகையில் போட்டுக்காட்டியதை நகலெடுக்கிறது. கரும்பலகைப் படத்தைக் கைவிடுவதுதான் வகுப்பின் முதல் வேலை.

பார்த்து வரைய காளிப்பூரே போதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ஆமைகள் முட்டையிட வருகின்றன; வனத்துறையின் குஞ்சு பொரிப்பகமும் உண்டு. வனக் காவலர் அனுமதியோடு, முட்டைக் குழியை மிதிக்காமல், விடிகாலையில் பிள்ளைகளை மணலுக்கு அழைத்துப்போனால் போதும். பங்குனி ஆமையும் அழுங்காமையும் இடது வலது துடுப்பை மாற்றி மாற்றி வைத்து நகர்பவை. தடம் இடமும் வலமும் முன்பின்னாக விழுந்திருக்கும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரு துடுப்பையும் ஒருசேர உந்துபவை. தடம் இருபுறமும் ஒப்பாக, டிராக்டர் போனதுபோல் இருக்கும். எந்த ஆமை வந்து போனது என்று பிள்ளை தடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். அதைத் தாளில் கொண்டுவந்துவிட்டால், அதே தடத்தை உருளைக்கிழங்கில் வெட்டிய அச்சால் துணியில் தொடர் வடிவமாகப் பதிக்கலாம். ஒரு வாரத்துக்குள் பார்வை, ஓவியம், வடிவமைப்பு மூன்றும் வந்துவிடுகின்றன.

பிள்ளைகளின் வீடுகளே இன்னொரு களஞ்சியம். சுதந்திரத்துக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியமர்த்தி வளர்ந்த ஊர் இது. ராஞ்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பழங்குடிக் குடும்பங்களும், தமிழ், தெலுங்கு பேசுவோரும் இந்தத் தீவுகளில் கலந்து வாழ்கிறார்கள். தமிழ் வீட்டுக் கோலத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உலர்ந்த மாவு நழுவும். புள்ளி முதலில், கோடு பிறகு. வங்காள வீட்டு ஆல்பனாவில் அரிசி அரைத்த கரைசலில் துணித்துண்டை நனைத்துக் கைக்குள் பிடித்துக்கொள்வார்கள். விரல் வழியே வடியும் கரைசலே கோடு, புள்ளிக்கு வேலையில்லை. ஜார்க்கண்டின் சோராய் ஓவியத்தில் மண் நிறங்களால் சுவரில் விலங்குகள் எழும். மூன்றையும் மூன்று வீட்டுத் தாய்மாரே வந்து போட்டுக்காட்டினால், பாடப்புத்தகம் தேவைப்படாது. சிக்குக் கோலத்தின் கோட்டு இலக்கணத்தைத் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970களில் கணிதமாகவே ஆராய்ந்தார்; கணக்கில் ஈடுபாடுள்ள பிள்ளைக்கு அந்த வாசலும் திறக்கும்.

நேரம் பற்றி: தீவு கிழக்கே இருப்பதால் நவம்பர், டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். நிறம் பார்க்கும் வேலையை நான்கரைக்குள் முடித்துவிட வேண்டும்; மிச்ச நேரம் ஓலைக்கும் களிமண்ணுக்கும். குருத்தோலையில் கிளி, பாம்பு, காற்றாடி செய்ய ஆறு வயதுக் கை போதும். ஊசி, கத்தரி எட்டு வயதுக்கு மேல். ரம்பமும் கத்தியும் பன்னிரண்டுக்கு மேல், அதுவும் ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டும். கரி, செம்மண், மஞ்சள் நல்ல நிறங்கள், பைசா செலவில்லை. கடையில் வாங்கும் வீட்டு, அலங்கார பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அந்தக் குறிப்பு இல்லாததைப் பிள்ளைகள் கையில் தரக் கூடாது.

கட்டணம் வாங்குவதில் தயக்கம் வேண்டாம். மாதக் கட்டணம் தாள், நிறம், ஆசிரியரின் நேரம் மூன்றையும் ஈடுசெய்ய வேண்டும். கொடுக்க இயலாத பிள்ளைக்கான இடத்தைக் கடையின் லாபத்திலிருந்து ஒதுக்கலாம். வகுப்பு வரவுக்கும் கடை வரவுக்கும் தனித்தனி நோட்டு. பிள்ளைகளின் ஓவியத்தைக் கடைப் பொருளின்மேல் அச்சிட விரும்பினால், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் விற்பனையில் பிள்ளைக்கு ஒரு பங்கும் தேவை, வாய்ச்சொல் போதாது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான காலத்தில் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் கற்க இடம் தருகிறது. அந்தப் பத்து நாளுக்கான திட்டம் ஒன்றை எழுதி, பள்ளித் தலைமையாசிரியரிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவைக்கலாம். கைவினைஞருக்கு மதிப்பூதியம் எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் வரைந்த தாள்களைப் பின்புறத்தில் பெயர், வயது, தேதி எழுதி அடுக்கி வைக்க வேண்டும். ஈரத்தில் பூசணம் பிடிக்காமலிருக்கத் தாள்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, தகரப் பெட்டியில் கொஞ்சம் சுண்ணாம்புப் பொட்டலத்தோடு மூடலாம். ஆண்டு முடிவில் ஒரு பிள்ளையின் பன்னிரண்டு மாதத் தாள்களையும் வரிசையாகச் சுவரில் ஒட்டிப் பெற்றோரை அழைத்துக் காட்டினால், மதிப்பெண் போட வேண்டிய தேவையே இராது. காட்டி முடித்ததும் தாள்கள் பிள்ளைக்கே திரும்பப் போக வேண்டும்.